எஸ்.பி.எம். முடிவுக்கு முன்பே தொடங்கும் வேலை: உயர்கல்விக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வான எஸ்.பி.எம்.மின் முடிவு வெளியான மறுநாள், பினாங்கின் பிறை, பாகான் டாலாம் பக்கத்துப் பெற்றோர் சிலர் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆறாம் படிவத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா மகனோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், எட்டு ஏ எடுத்திருக்கான். இனிமே என்ன செய்யணும்?"

"மெட்ரிக்குலேஷனுக்குப் போட்டாச்சா?"

"முடிவு வந்த பிறகுதானே போடணும்?"

மெட்ரிக்குலேஷன் என்பது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பு. அந்த ஆண்டு அதற்கான விண்ணப்பம் முடிவு வருவதற்கு முன்பே மூடிவிட்டது. அந்தப் பையன் படிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் வீட்டில் யாருக்கும் தேதி தெரியவில்லை, அவ்வளவுதான். பிறகு ஆறாம் படிவம் போய்ப் பொறியியல் படித்தான் என்பது வேறு கதை. ஆனால் அன்று அந்த அம்மாவின் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. இந்த வழிகாட்டியை எழுதுவது அதற்காகத்தான். நான்காம் படிவம் தொடங்கும்போதே இதைப் படித்துவிடுங்கள்.

முதல் படி: ஒரு கோப்பு, ஒரு மின்னஞ்சல்

கடையில் நாலைந்து வெள்ளிக்கு விற்கும் தெளிவான உறைகள் கொண்ட கோப்பு ஒன்றை வாங்குங்கள். அதில் போக வேண்டியவை: பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல், பெற்றோர் இருவரின் அடையாள அட்டை நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிப் படிவம் அல்லது முதலாளி தரும் ஆண்டு வருமானச் சான்றான இ.ஏ. படிவம், வீட்டுக்கு அரசின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை வந்தால் அதற்கான சான்று, பள்ளி நற்சான்றிதழ், எல்லாப் போட்டிச் சான்றிதழ்களும். அப்பா சொந்தமாக லாரி ஓட்டுகிறார், அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார், சம்பளச் சீட்டே இல்லை என்றால் வருமான உறுதிப் படிவம் ஒன்றைக் கிராமத் தலைவரிடமோ அரசு அதிகாரியிடமோ கையெழுத்து வாங்கி வைக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு நாள் வேலையை விட வேண்டும். விண்ணப்பம் மூடும் வாரத்தில் அலைவதைவிட முன்கூட்டியே அலைவது நல்லது.

பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தேசியப் பதிவிலாகாவுக்கு இப்போதே போங்கள். நம் சமூகத்தில் குடியுரிமை சிக்கலில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை, பதியாத பிறப்பு, பதியாத திருமணம் என்று காரணங்கள் பல. இது ஐந்தாம் படிவத்தில் தீர்கிற விஷயமில்லை. ஆண்டுக்கணக்கில் இழுக்கும். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகளை அப்புறம் படிக்கலாம். நாளைக் காலையே பதிவிலாகாவுக்கும், உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் போங்கள்.

மின்னஞ்சல் முகவரி பிள்ளையின் சொந்தப் பெயரில் இருக்கட்டும். கணினிக் கடைக்காரர் தன் மின்னஞ்சலில் பதிந்து கொடுத்ததால், நேர்முகத் தேர்வு அழைப்பு கடைக்காரருக்குப் போய், நாள் கடந்த பிறகு தெரியவந்த கதையை நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். கடவுச்சொல்லைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கைப்பேசி எண்ணையும் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு மாற்ற வேண்டாம்.

இரண்டாம் படி: பாடங்களைத் தேர்வது

மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. வரலாறு 2013 முதல் இந்த வரிசையில் சேர்ந்தது. தேர்ச்சி மட்டும் போதாது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மலாய் மொழியில் கிரெடிட், அதாவது சி அல்லது அதற்கு மேல் வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மலாய்க் கட்டுரைத்தாள்தான் பெரும்பாலும் சறுக்கும் இடம். தினமும் பத்து நிமிடம் மலாய் நாளிதழ் ஒன்றை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பின்னால் நேர்முகத் தேர்வுக்கும் இதே பழக்கம் கைகொடுக்கும்.

மருத்துவம் என்று பேசும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றில் எஸ்.பி.எம். நிலையிலேயே நல்ல கிரேடு இல்லாமல் எந்தத் தனியார் கல்லூரி சேர்த்துக்கொண்டாலும் பின்னால் அங்கீகாரத்தில் சிக்கல் வரும். பொறியியலுக்குக் கூடுதல் கணிதம் முக்கியம். நான்காம் படிவத்தில் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இந்தக் கதவுகளில் சில திறக்கின்றன, சில மூடுகின்றன.

தமிழ் எடுப்பதா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: எடுங்கள். தமிழில் ஏ வாங்குவது கடினம், மொத்த ஏ குறைந்துவிடும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் தமிழாசிரியர் ஆக ஆசைப்பட்டு ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் பட்டப்படிப்புக்கோ, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ, சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கோ போக நினைத்தால் எஸ்.பி.எம். தமிழ் இல்லாமல் நிற்க வேண்டிவரும். வாரத்தில் இரண்டு மணி நேரம் பள்ளி முடிந்து நடக்கும் தமிழ் வகுப்புக்குப் பேருந்து பிடித்துப் போகும் பிள்ளைகளை நான் மதிக்கிறேன்.

மூன்றாம் படி: புறப்பாடம் என்னும் அந்தப் பத்து மதிப்பெண்

அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மெரிட், அதாவது தகுதிப் புள்ளிக் கணக்கில் 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. பத்துதானே என்று விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்தவருக்கு, மொத்தச் சராசரிப் புள்ளியை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்க வேண்டும். 3.75 எடுத்தவருக்கு 84.38 வரும். அதோடு புறப்பாடத்தில் 9 வாங்கினால் 93.38. 5 மட்டுமே வாங்கினால் 89.38. இந்த 4 மதிப்பெண் வித்தியாசத்தைப் படிப்பால் ஈடுகட்ட வேண்டுமென்றால் சராசரிப் புள்ளி ஏறக்குறைய 0.18 உயர வேண்டும். 3.75-லிருந்து 3.93-க்கு ஏறுவது எவ்வளவு கடினம் என்று ஆறாம் படிவப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

எனவே சீருடை இயக்கம் ஒன்று, கழகம் ஒன்று, விளையாட்டு ஒன்று என மூன்றிலும் பெயர் இருக்கட்டும். ஒன்றிலாவது பொறுப்பு இருக்கட்டும். மாவட்ட நிலை, மாநில நிலைப் போட்டிகளுக்கு மதிப்பெண் கூடுதல். திருக்குறள் போட்டி, பேச்சுப் போட்டி, கோவில் இளைஞர் அணி நடத்தும் பூப்பந்து என்று வாங்கிய சான்றிதழ்களையெல்லாம் பள்ளி ஆசிரியரிடம் காட்டுங்கள். எது கணக்கில் சேரும், எது சேராது என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஆண்டு முடிவில் பதிவைக் கேட்டுப் பாருங்கள். விடுபட்டதை ஆண்டு கடந்து திருத்துவது எளிதில்லை. ஆறாம் படிவம் போகிறவர்கள் அங்கேயும் புறப்பாடத்தைத் தொடர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

நான்காம் படி: எந்தப் பாதை?

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு பாதைகள் பல. பிள்ளைகள் நண்பர்கள் போகும் பக்கம் போகிறார்கள். பெற்றோர் சொந்தக்காரர் சொன்ன பக்கம் தள்ளுகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெட்ரிக்குலேஷன் ஓராண்டுத் திட்டம், இரண்டாண்டுத் திட்டம் என இரண்டு வகை. விடுதி உண்டு, செலவு குறைவு, உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வேகமான வழி. பினாங்கில் கெப்பாளா பாத்தாஸ் பக்கம் பொங்சு செரிபுவில் ஒரு கல்லூரி இருக்கிறது. இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா (மலாய்க்காரர், மற்ற பூர்வீகக் குடியினர்) மாணவர்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்ற ஒதுக்கீடு இருப்பதால் நம் பிள்ளைகளுக்குப் போட்டி கடுமை. 10 ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லா இனத்து மாணவர்களுக்கும் இடம் உறுதி என்று 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அறிவித்தார். ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேருமா என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். விண்ணப்பம் முடிவு வருவதற்கு முன்பே திறக்கும் என்பதை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். 10 ஏ வராது என்று நினைக்கும் பிள்ளையும் விண்ணப்பிக்கட்டும்.

எஸ்.டி.பி.எம்., நம் வீடுகளில் கடைசியாகப் பேசப்படும் பெயர். "மெட்ரிக் கிடைக்கல, வேற வழி இல்லாம போறான்" என்று பிள்ளை காதுபடச் சொல்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். மூன்று தவணைகள், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சான்றிதழ். ஒரு தவணையில் சறுக்கினால் மறுதேர்வு எழுத வழி உண்டு. இன ஒதுக்கீடு என்ற பேச்சு இல்லை. தகுதி உள்ளவர்களுக்கு அமைச்சே இடம் ஒதுக்குகிறது. கடினம் என்பது உண்மை. முதல் தவணையில் பாதிப் பேர் திணறுவார்கள். ஆனால் முதல் நாளிலிருந்து ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழக இடம் கிடைக்க இதைவிட நம்பகமான வழியை நான் பார்த்ததில்லை. அறிவியல் வேண்டாம் என்றால் கலைப்பிரிவு எடுக்கலாம். அதில் வணிகம், பொருளியல், தமிழ் என்று சேர்த்து எடுத்துச் சட்டத்துக்கும் கணக்கியலுக்கும் போனவர்கள் என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள். மியூயட் ஆங்கிலத் தேர்வை இந்தக் காலத்திலேயே முடித்துவிட வேண்டும்.

யு.பி.யு. என்னும் அரசின் இணைய விண்ணப்ப முறை வழியாக அரசுப் பல்கலைக்கழக அசாசி (பட்டப்படிப்புக்கு முந்தைய அடிப்படைப் படிப்பு), டிப்ளோமா, பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி ஆகியவற்றுக்கு ஒரே விண்ணப்பம். அசாசியில் பல பாடத்திட்டங்கள் பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டும். யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகம் முழுவதும் அப்படித்தான். தகுதி நிபந்தனையை வரிவரியாகப் படித்த பிறகே தேர்ந்தெடுங்கள். வீணான தேர்வுக்கு ஓரிடம் போய்விடக் கூடாது.

பாலிடெக்னிக்கைத் தாழ்வாக நினைப்பவர்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பொறியியல் பிரிவுகளில் வேலை செய்பவர்களிடம் பேசிப் பாருங்கள். பெர்மாத்தாங் பாவிலும் பாலிக் புலாவிலும் பாலிடெக்னிக் இருக்கிறது. தொழில்திறன் பயிற்சிக்கு 1989-இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. கையால் செய்து கற்கும் பிள்ளையை ஆறாம் படிவத்தில் உட்கார வைத்து வாட வைக்க வேண்டாம்.

தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டும் முன் இரண்டு விஷயம். மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் பாடத்திட்டத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, பாடத்திட்டம் இருக்க வேண்டும். பிறகு மொத்தக் கட்டணத்தைக் கேளுங்கள், முதல் தவணைக் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். கண்காட்சி மேடையில் இலவச மடிக்கணினி காட்டி அன்றே முன்பணம் கேட்பவர்களிடம், "வீட்டில் பேசிவிட்டு வருகிறோம்" என்று எழுந்து வந்துவிடுங்கள். செலவு குறைவாக வேண்டுமென்றால் துங்கு அப்துல் ரஹ்மான் நிர்வாக, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் தலைமை வளாகம், பினாங்கில் தஞ்சோங் பூங்காவில் கிளை. தேர்வில் நல்ல முடிவு பெற்றவர்களுக்குக் கட்டணச் சலுகை தருகிறார்கள். கெடா பீடோங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஐந்தாம் படி: பன்னிரண்டு தேர்வுகளை நிரப்புவது

யு.பி.யு.வில் 12 பாடத்திட்டத் தேர்வுகள் வரை கொடுக்கலாம். பலர் முதல் மூன்றை யோசித்து நிரப்பி, மற்ற ஒன்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறார்கள். ஒன்பதாவதாக விளையாட்டாகப் போட்டது கிடைத்து, "இது எனக்கு வேண்டாம் டீச்சர்" என்று அழுத பிள்ளைகள் உண்டு. கிடைத்தால் போவேன் என்று சொல்லக்கூடியதை மட்டும் போடுங்கள்.

இணையத்தில் உள்ள வழிகாட்டிப் பக்கத்தில் ஒவ்வொரு பாடத்திட்டத்துக்கும் முந்தைய சேர்க்கையின் சராசரி மெரிட் காட்டப்பட்டிருக்கும். உங்கள் மெரிட்டோடு ஒப்பிடுங்கள். உங்களுடையதைவிடச் சற்று உயர்ந்தவை மூன்று, நான்கு. உங்களுடையதை ஒட்டியவை ஐந்து. உங்களுடையதைவிடக் குறைந்தவை மூன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். வரிசை மட்டும் விருப்பப்படி இருக்கட்டும். நேர்முகத் தேர்வோ திறன் தேர்வோ உள்ள பாடத்திட்டங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்; அழைப்பு வந்தும் போகாவிட்டால் அந்தப் பாடத்திட்ட வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடும். பரீட்சை முடிவு வந்த பிறகு, கொடுத்த தேர்வுகளை மாற்ற ஒரு காலம் தருவார்கள். அந்தச் சில நாட்கள்தான் மிக முக்கியம். அந்த வாரம் ஊருக்குப் போகும் திட்டம் வேண்டாம்.

ஆறாம் படி: உபகாரச் சம்பளம்

பெரிய உபகாரச் சம்பளங்களான பொதுச் சேவைத் துறை, பேங்க் நெகாரா, பெட்ரோனாஸ், யாயாசான் கசானா போன்றவை எஸ்.பி.எம். முடிவை ஒட்டித் திறந்து, சில வாரங்களில், சிலது சில நாட்களில் மூடிவிடும். ஏ பிளஸ் நிறைய உள்ளவர்களுக்கே இவை. ஆனால் ஏ பிளஸ் உள்ள பிள்ளைகளிலும் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. "நமக்கெல்லாம் கொடுக்க மாட்டாங்க" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். போட்டுப் பார்த்து வராமல் போகட்டும். போடாமல் இருக்க வேண்டாம்.

நம் கைக்கு எட்டும் தூரத்தில் இன்னும் உண்டு. பினாங்கு மாநில அரசின் பினாங்கு எதிர்கால அறவாரியம், அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் படிப்பவர்களுக்கு உதவி, படித்தபின் பினாங்கில் வேலை செய்யச் சொல்கிறது. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்வி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. இந்தியச் சமூகத்துக்கான அரசுப் பிரிவான மித்ராவின் கல்வி உதவித் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறிவிப்பைத் தவறாமல் பாருங்கள். ம.இ.கா.வின் கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் தருகிறது. ஊர்க் கோவில்களும் சங்கங்களும் தரும் ஐந்நூறு, ஆயிரம் வெள்ளியையும் சிறிதென்று விடாதீர்கள். விடுதி முன்பணத்துக்கும் மெத்தைக்கும் அதுவே போதும். டியூஷனுக்கு வழியில்லாத வீடுகளுக்கு 1982 முதல் நடந்துவரும் ஸ்ரீ முருகன் நிலையத்தின் வகுப்புகள் உண்டு. ஆண்டுதோறும் பத்துமலைக்குக் கல்வி யாத்திரை அழைத்துப் போவதும் அவர்கள்தான்.

கட்டுரை எழுதச் சொல்லும்போது நம் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள். "நான் வறிய குடும்பத்தைச் சேர்ந்தவன். என் தந்தை லாரி ஓட்டுநர். நான் பொறியியலாளராகி நாட்டுக்குச் சேவை செய்வேன்." இதில் பொய் இல்லை. ஆனால் இதை ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். ஒரு பையனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான், அப்பாவின் லாரிக்கு ஊற்றும் டீசல் கணக்கை இரண்டு ஆண்டுகளாக அவனே நோட்டில் எழுதிவருகிறான் என்று தெரிந்தது. பட்டர்வொர்த்திலிருந்து கிள்ளானுக்கு ஒரே தூரம், ஒரே சரக்கு, ஆனால் சில வாரம் டீசல் கூடுகிறது. ஏன் என்று பார்த்து, டயரில் காற்று குறைந்த வாரங்கள் அவை என்று கண்டுபிடித்திருக்கிறான். "இதைத்தான்டா எழுதணும்" என்றேன். "இதெல்லாம் எழுதலாமா டீச்சர்?" என்றான். எழுதினான். நேர்முகத் தேர்வில் அவனிடம் பாதி நேரம் அந்த நோட்டைப் பற்றித்தான் கேட்டார்களாம். உங்கள் பிள்ளையும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருப்பான். தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தருவான், பாட்டியின் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொள்வாள். அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள்.

நேர்முகத் தேர்வு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். சில இடங்களில் ஐந்தாறு பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரு சிக்கலைப் பேசச் சொல்வார்கள். நம் வளர்ப்பில் பெரியவர் முன் குறுக்கே பேசுவது மரியாதைக் குறைவு. அதனால் பிள்ளைகள் வாய் திறக்காமலே வெளியே வருகிறார்கள். என் மண்டபத்தில் நான் இப்படிப் பழக்குகிறேன்: முதல் மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பேச வேண்டும், இன்னொருவர் சொன்னதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், பேசாமல் இருப்பவரை ஒரு முறை பேச அழைக்க வேண்டும். ஆறு வாரம் பழகினால் கூச்சம் போகிறது. தனி நேர்முகத்தில் ஏன் இந்தத் துறை, கிடைக்காவிட்டால் என்ன செய்வாய், அண்மையில் படித்த செய்தி என்ன என்ற மூன்று கேள்விக்கும் பதில் தயாராக இருக்கட்டும். மனப்பாடம் வேண்டாம். மனப்பாடம் பாதியில் அறுந்தால் பிள்ளை உடைந்துபோகும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும், எந்தப் புள்ளிக்குக் கீழே போனால் உதவி நிற்கும், பாதியில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற மூன்றையும் பெற்றோரும் படித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: மீதிப் பணம்

1997-இல் அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் பி.டி.பி.டி.என். உதவி ஒரு கடன் என்பதைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு விழுக்காடு உஜ்ரா என்னும் நிர்வாகக் கட்டணம். முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. அதே கழகத்தின் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கை முன்பே திறந்து வைத்தால் விண்ணப்பம் தடங்கலின்றிப் போகும். பணம் முதல் நாளே கைக்கு வராது. முதல் ஒன்றிரண்டு மாதச் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் கையில் இருக்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்தினர் முன்பணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஊழியர் சேமநிதி உள்ள பெற்றோர், பிள்ளையின் உயர்கல்விக்கென்று அதன் ஒரு பிரிவான செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்க முடியும். வட்டிக்காரரிடம் போவதற்கு முன் இவை எல்லாவற்றையும் பாருங்கள்.

எட்டாம் படி: முடிவு வந்த பிறகு

இடம் கிடைத்தால் குறித்த நாளுக்குள் ஏற்றுக்கொண்டதாகப் பதிய வேண்டும். கிடைக்காவிட்டால் மேல்முறையீடு. அதற்குத் தரும் காலம் மிகக் குறைவு. எனவே மேல்முறையீட்டுக் கடிதத்தின் முதல் பிரதியை முடிவு வருவதற்கு முன்பே எழுதி வைக்கச் சொல்கிறேன். "எனக்கு ஏன் கிடைக்கவில்லை" என்ற மனக்குறை அதில் வேண்டாம். மெரிட், கேட்கும் பாடத்திட்டம், அந்தத் துறையில் செய்த வேலை, குடும்ப வருமானம் என்று ஒரு பக்கம் போதும். மெட்ரிக் மேல்முறையீட்டின் முடிவுக்குக் காத்திருந்துகொண்டே ஆறாம் படிவத்தில் சேர்ந்து பாடத்தைத் தொடங்கிவிடுங்கள். காத்திருந்தே இரண்டு மாதப் பாடத்தை இழந்த பிள்ளைகள் முதல் தவணை முழுவதும் துரத்தி ஓட வேண்டியிருக்கிறது.

சேர்க்கைக் கடிதத்தோடு மருத்துவப் பரிசோதனைப் படிவம் ஒன்று வரும். அரசு கிளினிக்கில் அந்த வாரம் கூட்டம் அதிகம். கடிதம் வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கே போய் எண் எடுங்கள். கோப்பையும் கையோடு கொண்டு போங்கள். அடையாள அட்டை நகல் அங்கேயும் கேட்பார்கள்.